காடைக்கு விட்ட வயலோரத்தில் காடை ஏன் தங்குவதில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 1985 வேளாண் சட்டத்தில் பிறந்த சி.ஆர்.பி. என்னும் நிலப் பாதுகாப்புத் திட்டம், மண் அரிப்பு போன்ற சிக்கல் உள்ள நிலத்தைப் பயிரிடாமல் விடும் விவசாயிக்கு 10 முதல் 15 ஆண்டு வரை வாடகை தருகிறது. 2004-இல் அதில் சேர்ந்த சி.பி.33 என்னும் பிரிவு, வயலைச் சுற்றி 30 முதல் 120 அடி அகலத்தில் ஓரப் பட்டை விடச் சொல்கிறது. அமெரிக்காவின் பாப்வைட் என்னும் காடையைப் பெருக்குவதுதான் அதன் முதல் இலக்கு. நிலம் விட்டும் காடை வரவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் புல்தான்.

பச்சைப் பசேலென்று நெருங்கி வளர்ந்த புல்லைக் கண்டு மகிழ்வதே முதல் தவறு. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த காடைக்குஞ்சின் எடை சுமார் 6 கிராம். முதல் இரண்டு வாரம் அதற்குப் பூச்சிதான் உணவு. அந்தப் பூச்சியைத் தேடி அது தரையில் ஓட வேண்டும். மேலே இலை மறைக்க வேண்டும், கீழே வெறும் மண் தெரிய வேண்டும். டால் ஃபெஸ்க்யூ, பெர்முடா போன்ற புற்கள் பாய் விரித்தது போலத் தரையை மூடிவிடும். குஞ்சால் நுழையவே முடியாது.

ஃபெஸ்க்யூவை உழுதால் போய்விடும் என்று நம்பாதீர்கள். கோடைக் கடைசியில் வெட்டி, 6 முதல் 8 அங்குலம் துளிர்த்ததும் இலையுதிர் காலத்தில் கிளைபோசேட் களைக்கொல்லி தெளியுங்கள். தப்பியது வசந்தத்தில் தலைகாட்டும்; மறுபடி தெளித்த பிறகுதான் அந்த மண்ணுக்குரிய நாட்டுப் புல்லை விதைக்க வேண்டும்.

விதையை ஆழத்தில் போடுவது அடுத்த தவறு. நாட்டுப் புல்விதைக்குக் கால் அங்குலம் போதும். பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் போன்ற நாட்டுப் புற்களின் விதைகள் பஞ்சு போல ஒட்டிக்கொள்ளும். சாதாரண விதைப்புக் கருவியில் அடைத்துக்கொள்ளும், அவற்றுக்கென்று தனிப் பெட்டி உள்ள கருவி வேண்டும். மூட்டை எடையை வைத்து அளவு போடக் கூடாது, அதில் முளைக்கக்கூடிய விதையை மட்டும் கணக்கிடுங்கள். தூய்மை 80 சதவீதம், முளைப்புத்திறன் 75 சதவீதம் என்றால் உயிருள்ள விதை 60 சதவீதம்தான். விதைச் சான்றிதழையும் படியுங்கள்: 2016-இல் அயோவாவில் இத்தகைய நிலங்களுக்கு வாங்கிய விதைக் கலவை வழியாகப் பால்மர் அமராந்த் என்ற கொடுங்களை பல மாவட்டங்களுக்குப் பரவியது. தழைச்சத்து உரம் வேண்டாம். அதைக் களைதான் தின்னும்.

முதல் ஆண்டு களைக்காடாகத்தான் தெரியும். நாட்டுப் புல் அப்போது வேர் விட்டுக்கொண்டிருக்கும். தோற்றுவிட்டது என்று அழித்து மறுபடி விதைத்தால் பணமும் போகும், வேரும் போகும். களை ஒன்றரை அடியைத் தொட்டால், உங்கள் ஒப்பந்தத்துக்கான பராமரிப்புத் திட்டத்தில் அனுமதி இருந்தால் மட்டும், 8 அங்குலம் விட்டு வெட்டுங்கள். அழகுக்காகக் கூடு கட்டும் பருவத்தில் வெட்டினால் முட்டையும் தாயும் சேர்ந்தே போகும். அந்தப் பருவம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், மாவட்ட வேளாண் அலுவலகத்தில் தேதி கேளுங்கள்.

நட்டுவிட்டு மறந்துவிடுவதும் நடக்கிறது. சில ஆண்டுகளில் சருகு சேர்ந்து வெறும் மண் மறைந்துவிடும். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கை மட்டும் எரியுங்கள், அல்லது வட்டுக் கலப்பையால் 2 முதல் 4 அங்குலம் கிளறுங்கள். முழுவதையும் ஒரே ஆண்டில் தொட்டால் குளிர்காலத்தில் ஒளிய இடம் இருக்காது. இலையுதிர் காலத்தில் கிளறினால் ராக்வீட், பார்ட்ரிட்ஜ் பீ என்னும் செடிகள் முளைக்கும், இரண்டின் விதையும் காடைக்குப் பிடித்தவை.

பட்டை நடுவே தனித்து நிற்கும் உயர்ந்த மரம் பருந்துக்கு உட்காரும் கொம்பு. அதை எடுத்துவிட்டு, ஓரத்தில் காட்டுப் பிளம் புதர் வையுங்கள். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் எந்த வேலையையும் தொடங்காதீர்கள். செலவில் அரசு தரும் பங்கு கிடைக்காமல் போகலாம்.