கேட்டரிங் படித்தவர் உள்ளூர் அக்காக்களுக்கு என்ன சொல்லித் தரலாம்?

கேட்டரிங் படித்து, ஓட்டல் கிச்சனில் சில வருஷம் ஓட்டிய பிறகு, சொந்த ஊருக்கு ஏதாவது செய்யலாமே என்று தோன்றும். உடனே நினைவுக்கு வருவது அன்னதானம். விட்டால் கோடை விடுமுறை கேக் வகுப்பு. இரண்டும் நல்லதுதான். ஆனால் அதற்காகச் சென்னை தரமணி கேட்டரிங் கல்லூரியில் மூன்று வருஷம் படித்திருக்கத் தேவையில்லை. கிச்சன் நமக்குப் பழக்கியது வேறு: எடை, அளவு, அடக்கவிலை, சூடு. திண்டுக்கல்லில் மதியச் சாப்பாட்டு ஆர்டர் எடுக்கும் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவோடு நான் செய்துவருவதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நேரம். ஓட்டல்காரர்களுக்கு ஞாயிறு லீவு கனவு, எனக்கு லீவு செவ்வாய். பார்சல் கிளம்பி, அண்டாவெல்லாம் கழுவி அக்காக்கள் உட்கார மூன்று மணியாகும். அதற்கு அப்புறம் போங்கள். வெள்ளைக் கோட்டும் தொப்பியும் வேண்டாம். ருசியைப் பற்றி வாயே திறக்காதீர்கள். "முப்பது வருஷமா அடுப்புல நிக்கிறோம், பாப்பா என்ன சொல்லித் தரப் போகுது?" என்று மூத்த அக்கா முதல் நாளே கேட்டார். நியாயமான கேள்வி. "சமையல் இல்லக்கா, கணக்கு" என்றேன்.

கையோடு ஒரு எலெக்ட்ரானிக் தராசு கொண்டுபோங்கள். பேசுவதைவிட அது நன்றாகப் பேசும். ஒரு கிலோ சின்ன வெங்காயத்தை அவர்களையே நிறுக்கச் சொன்னேன். உரித்து, வேரும் காம்பும் கிள்ளி, மறுபடி தட்டில் கொட்டினால் 880 கிராம். அன்றைக்குக் கிலோ 60 ரூபாய். அப்படியென்றால் சட்டியில் விழும் வெங்காயம் கிலோ 68 ரூபாய். ஒரு அக்கா தோலையும் தனியாக நிறுத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளும் தோலுக்கும் சேத்தா காசு குடுத்தோம்!" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. முருங்கைக்காய், கோழி, கீரை என்று அவர்களே நிறுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்தது கரண்டி. சாம்பார் ஊற்ற ஒரே அளவுக் கரண்டி, 150 மில்லி. 60 பார்சலுக்கு 9 லிட்டர் என்று கணக்கு நிற்கும். கடைசிப் பத்துப் பார்சலுக்குத் தண்ணீர் விட்டு இழுக்கும் வேலை இருக்காது.

அப்புறம்தான் அடக்கவிலை. ஒரு நோட்டில் சாம்பார் சாதம் பார்சலுக்கு எழுதினோம்: பொருள் 19 ரூபாய், டப்பாவும் ஸ்பூனும் 4, கேஸ் 3, ஆட்டோ 3. மொத்தம் 29. விற்பது 40. மீதி 11, அறுபது பார்சலுக்கு 660. ஐந்து பேர் விடிகாலையிலிருந்து நின்றதற்கு ஆளுக்கு 132 ரூபாய். கூலி என்ற வரியே அவர்கள் கணக்கில் அதுவரை கிடையாது. தன் வீட்டு அடுப்பில் வேலை பார்த்தே பழகியவர்கள். விலையை ஏற்றுங்கள் என்று நீங்கள் சொல்லாதீர்கள். கணக்கைக் காட்டிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அவர்கள் கலந்து பேசி 45 ஆக்கினார்கள். ஒன்றிரண்டு வாடிக்கை போனது, மற்றவர்கள் நின்றார்கள்.

சூட்டைப் பற்றிப் பேசும்போது பயமுறுத்த வேண்டாம். உணவுத் தெர்மாமீட்டர் ஒன்று போதும். பெரிய அண்டாவில் சாதத்தின் மேல்பக்கம் ஆறியிருக்கும். நடுவில் கம்பியை இறக்கினால் இன்னும் சுடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி பெருகும். சாதத்தில் வரும் ஒரு வகைக் கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது, அப்படியே வெளியில் கிடந்தால் விஷத்தை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. அதனால் கலந்த சாதத்துக்கு வடித்ததை அகலத் தட்டில் பரப்பி ஆற்றுங்கள். தேங்காய்ச் சட்னியைக் கடைசியில் அரையுங்கள். எல்லாம் கிளம்பும் நேரத்தை ஒட்டிச் செய்யுங்கள். இதை மட்டும் ஒவ்வொரு வாரமும் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலிப்பு தட்டினாலும் சரி.

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவையும் கூட உட்கார்ந்து செய்து கொடுங்கள். சிறு வியாபாரத்துக்கான அடிப்படைப் பதிவுதான். ஒரு வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டினோம். அந்த எண் இருந்தால் ஆபீஸ் ஆர்டர் கேட்கத் தைரியம் வருகிறது.

அவர்கள் பிள்ளைகள் "அக்கா மாதிரி படிக்கணும்" என்று வருவார்கள். திருச்சி துவாக்குடியில் அரசுக் கல்லூரி இருப்பதைச் சொல்லுங்கள். கூடவே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், தீபாவளிக்கு லீவு கிடையாது, ஆரம்பத்தில் வெங்காயம்தான் நறுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

காசு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சொல்லித் தருவதற்கு நான் வாங்குவதில்லை. முகூர்த்த நாளில் ஆள் குறைந்து கூப்பிட்டால் போவேன். அன்றைக்கு மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதுதான் எனக்கும். வாங்கமாட்டேன் என்றால் மூத்த அக்கா விடமாட்டார், கணக்கு உதைக்குமாம்.