குடியிருப்புத் தெருவில் சிறுகடைக்கு இடம்: விதியை எழுதும் முறை

தெருமுனையில் அண்ணாச்சி கடை, மாடிப்படிக்குக் கீழே இஸ்திரி, முன்னறையில் தையல் மெஷின், கார் ஷெட்டில் இட்லி மாவுக் கடை. நம் ஊர்க் குடியிருப்புத் தெருக்களில் இவை எப்போதோ வந்துவிட்டன. திட்ட அனுமதி வரைபடம்தான் இன்னும் அந்த ஷெட்டைக் கார் நிறுத்துமிடம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டோடு மனத்தாங்கல் வந்து யாராவது புகார் எழுதும் நாள்வரை கடை ஓடும். பிறகு நோட்டீஸ் வரும், அல்லது நோட்டீஸ் வராமலிருக்க ஒரு செலவு வரும்.

நகரின் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானின் திருத்தத்துக்கும் விதித் திருத்தத்துக்கும் கருத்து எழுதி அனுப்பும் நலச்சங்கங்கள், வார்டு உறுப்பினர்கள், இளம் நகரமைப்பாளர்கள் ஆகியோருக்கானது இந்தக் குறிப்பு.

முதலில் கதவைச் சரியாகத் தட்டுங்கள்

தமிழ்நாட்டில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மனைவாரியாக நில உபயோக மாற்றம். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்கீழ் மாஸ்டர் பிளானையே அந்த மனைக்கு மட்டும் திருத்துவது இது. சிறுகடைக்கு இது தவறான வழி. செலவும் காலமும் பெட்டிக்கடைக்காரரால் தாங்க முடியாதவை. அதைவிட முக்கியமான சிக்கல், மாற்றம் நிலத்தோடு ஒட்டிக்கொள்வது. இன்று மளிகைக்காக வணிகப் பகுதியாக்கிய மனையை நாளை வாங்குபவர் அங்கே ஷோரூம் கட்டலாம். அக்கம்பக்கத்தார் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, குடியிருப்பு மண்டலம் முழுவதற்குமான அனுமதி வாசகத்தைத் திருத்துவது. அது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இல் இருக்கிறது. திருத்தம் அரசாணையாக வர வேண்டும் என்பதால் மன்றத் தீர்மானம் மட்டும் போதாது. கோரிக்கை மனுவில் ‘கடைகளை அனுமதிக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். எந்த விதி, எந்த உட்பிரிவு, இப்போதைய வாசகம் என்ன, மாற்று வாசகம் என்ன என்று இரண்டு பத்தியாக எதிரெதிரே போட்டுக் கொடுங்கள்.

தெருவை டேப் வைத்து அளங்கள்

வாசகம் எழுதுவதற்குமுன் பத்துத் தெருக்களையாவது நடந்து பாருங்கள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி: முகப்பு அகலம், ஆழம், பின்னால் இருப்பு அறை உண்டா, திறக்கும் நேரம், மூடும் நேரம், மோட்டார் எத்தனை ஹெச்பி, கழிவுநீர் எங்கே போகிறது, மாலை ஆறரைக்கு வாசலில் எத்தனை வண்டி.

காலையில் போய் மட்டும் கணக்கெடுக்காதீர்கள். மாலையில் மட்டும் முளைக்கும் பஜ்ஜிக் கடையும் டியூஷன் வீட்டு வாசலின் சைக்கிள் வரிசையும் காலைக் கணக்கில் சிக்காது.

இந்தப் பட்டியல் கையில் இருந்தால் அளவு வரம்பை ஊகத்தில் வைக்க வேண்டியதில்லை. பத்துக்கு இருபது அடிக் கடை 200 சதுர அடி, அதாவது 18.6 சதுர மீட்டர். இருக்கிற கடைகளில் பெரும்பாலானவை எந்த எண்ணுக்குள் அடங்குகின்றனவோ அதுவே உங்கள் முதல் வரம்பு. பாதிக் கடைகளை முதல் நாளே சட்டவிரோதமாக்கும் எண்ணை எழுதினால் பழைய நிலையே தொடரும்.

பரப்பளவுதான் முதுகெலும்பு

இதில் ஜப்பானின் முறை பார்க்கத் தகுந்தது. அங்கே மிக அமைதியான முதல் வகைத் தாழ்மாடிக் குடியிருப்பு மண்டலத்திலும் வீட்டோடு சேர்ந்த கடைக்கு இடம் உண்டு. நிபந்தனை இரண்டு: கட்டடத்தின் மொத்தத் தளப்பரப்பில் பாதியாவது வீடாக இருக்க வேண்டும், கடைப் பகுதி 50 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 90 சதுர மீட்டர் வீடென்றால் கடை 45 வரை. 200 சதுர மீட்டர் வீடென்றாலும் 50 தான். அடுத்த மண்டலத்தில் 150 சதுர மீட்டர்வரை தனிக் கடையே வைக்கலாம். அதற்கடுத்தது 500. மண்டலத்துக்கு மண்டலம் படிக்கட்டு மாதிரி ஏறும்.

‘பாதியாவது வீடு’ என்பதன் பலன் தெளிவு. கடைக்காரரோ வேறொரு குடும்பமோ அதே கூரையின் கீழ் தூங்குவதால், இரவுச் சத்தத்தின் முதல் பலி கடைக் கட்டடத்தின் ஆட்களே. அதன் விலையும் உண்டு. வீடில்லாத தனிக் கடை நுழைய முடியாது என்பதால் வயதானவர்கள் வாழும் பகுதிகளில் நடக்கும் தூரத்தில் கடையே இல்லாமல் போனது. கடைசியில் 2019-இல், அந்த மண்டலங்களில் கன்வீனியன்ஸ் கடைக்குச் சிறப்பு அனுமதி தரும் நடைமுறையைத் தளர்த்த வேண்டியிருந்தது. ஆகவே உள் தெருவுக்கு வீட்டோடு சேர்ந்த கடை, மூலை மனைக்கும் அகலத் தெருவுக்கும் சற்றுப் பெரிய தனிக் கடை என்று இரண்டு படி வைப்பது நல்லது.

எதை அளப்பது என்பதையும் எழுதிவிடுங்கள். ‘கடைப் பரப்பு’ என்று மட்டும் சொன்னால், கீழே 200 சதுர அடிக் கடையும் மாடியில் 800 சதுர அடி கோடவுனும் வரும். இருப்பு அறை, சமையல் இடம், ஊழியர் இடம் எல்லாம் சேர்த்தே அளவு என்று இருக்க வேண்டும்.

கடைப் பெயர்ப் பட்டியல் பழசாகிப்போகும்

2006-இல் டெல்லியில் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். ஊரே கொந்தளித்தது. அதையடுத்து 2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட டெல்லி மாஸ்டர் பிளான் 2021, வீடுகளின் தரைத்தளத்தில் 20 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறுகடைகளை அனுமதித்தது. அளவு நல்ல யோசனை. கூடவே எந்தெந்தக் கடை என்று பெயர்ப் பட்டியலும் போட்டார்கள்: காய்கறி, மளிகை, ஆட்டா மில், முடிதிருத்தகம், உட்கார இடமில்லாத டீக்கடை, எஸ்.டி.டி. பூத், ரேஷன் மண்ணெண்ணெய்க் கடை. எஸ்.டி.டி. பூத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? செல்போன் ரிப்பேர் கடைக்காரர் அந்தப் பட்டியலில் தன்னை எங்கே பொருத்துவது என்று ‘எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்’ என்ற வரியைத் தேட வேண்டும்.

சென்னையின் 2008 மாஸ்டர் பிளானும் முதன்மைக் குடியிருப்புப் பகுதிக்கு மளிகை, குளிர்பானம், செய்தித்தாள், பால் பூத், சைக்கிள் ரிப்பேர், தையல் என்றுதான் பேசியது. பட்டியலில் இல்லாத தொழில் தொடங்கும்போதெல்லாம் ‘இது அதில் அடங்குமா’ என்று ஓர் அதிகாரி முடிவு செய்ய வேண்டிவரும். பேரம் பிறக்கும் இடம் அதுதான்.

அனுமதிப் பட்டியலை விட்டுவிட்டு மறுப்புப் பட்டியல் எழுதுங்கள்; அது குட்டையாக இருக்கும். மது, கேஸ் சிலிண்டர், பட்டாசு, பெயின்ட் தின்னர் இருப்பு, பழைய இரும்பு, மணல்-ஜல்லி-கம்பி, வாகன ஒர்க்‌ஷாப், கல்யாண மண்டபம். இவற்றோடு இப்போது ஒன்றைச் சேர்த்தாக வேண்டும்: வாடிக்கையாளர் உள்ளே வராத, டெலிவரிக்கு மட்டுமான இருப்பு மையம். அது கடை வேடம் போட்ட கோடவுன். ‘தெருவிலிருந்து நடந்து வருபவருக்கு நேரில் விற்க வேண்டும்’ என்ற ஒரே வரி அதை வெளியே நிறுத்திவிடும்.

மோட்டார், சத்தம், நேரம்

‘அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு தராத’ என்று எழுதாதீர்கள். தொந்தரவை அளக்க டேப் கிடையாது. எண்ணாக எழுதுங்கள்.

மேலே சொன்ன முதல் வகை மண்டலத்தில், ரொட்டி, டோஃபு போன்றவற்றைச் செய்து விற்கும் வீட்டுக் கடைகளுக்கு மோட்டார்களின் மொத்தத் திறன் 0.75 கிலோவாட் என்று ஜப்பான் வரம்பு வைத்திருக்கிறது. ஏறத்தாழ ஒரு ஹெச்பி. நம் கணக்குக்கு மாற்றினால், ஒரு ஹெச்பி மோட்டார் வைத்த பெரிய கிரைண்டரில் இட்லி மாவு அரைத்து விற்கும் கடை உள்ளே. மிளகாயும் அரிசியும் அரைக்கும் மில் வெளியே. யாரும் யாரையும் கேட்க வேண்டாம், மோட்டாரின் தகட்டைப் படித்தால் போதும். இரண்டு கிரைண்டர் வைக்கும் கடைக்கு இது பற்றாது என்று உங்கள் தெருக் கணக்கு சொன்னால் இரண்டு ஹெச்பி என்று எழுதுங்கள். ‘மொத்தம்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சத்தத்துக்குப் புதிய எண் தேட வேண்டாம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குக் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபெல், இரவில் 45. அதையே எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஜன்னலருகே அளக்க வேண்டும் என்று சேருங்கள். இரவில் மாட்டுவது பெரும்பாலும் வியாபாரம் அல்ல. டீப் ஃப்ரீசரின் கம்ப்ரசர், சமையல் புகை இழுக்கும் விசிறி, ஏ.சி.யின் வெளிப்பெட்டி. இவை பக்கத்து வீட்டுப் பக்கச் சுவரில் மாட்டப்படாமல் தெருப் பக்கம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பாதிப் புகாரைக் குறைக்கும்.

நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. காலை 6 முதல் என்று எழுதினால் பால் கடைக்காரர் முதல் நாளே குற்றவாளி. அவருக்கு அதற்கு முன்பே கிரேட் வந்து இறங்கிவிடும். பால், செய்தித்தாளுக்கு 4.30 என்று தனியாக விலக்கு கொடுங்கள்.

கார் நிறுத்தத்தில் மூழ்கும் விதிகள்

கடையை அனுமதித்துவிட்டு, கடைக்கு ஒரு கார் இடம் கட்டாயம் என்று இன்னொரு விதி சொன்னால் அனுமதி காகிதத்தோடு சரி. ஒரு கார் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், கிட்டத்தட்ட 135 சதுர அடி. 200 சதுர அடிக் கடைக்காக அதையும், வண்டி திரும்ப இடத்தையும் அரை கிரவுண்டு மனையில் எங்கே தேடுவது? சிறுகடைக்குக் கார் நிறுத்தம் பூஜ்யம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

ஆனால் ஜப்பான் எண்களை எடுத்துக்கொள்பவர்கள் மறக்கும் விஷயமும் இதில்தான். அங்கே 1962-இன் சட்டப்படி, தெருவில் அல்லாமல் நிறுத்த இடம் இருப்பதைக் காட்டாமல் பொதுவாகக் கார் பதிவு செய்ய முடியாது. நம் தெருவிலோ வீட்டுக் கார்களே இரு பக்கமும் நிற்கின்றன. ஆகவே சரக்கு இறக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள்: மினி லாரிக்கு மேல் வரக் கூடாது, பள்ளி விடும் நேரத்தில் கூடாது. படியும் சாய்தளமும் மனைக்குள்ளேயே முடிய வேண்டும். கடை முதலில் விழுங்குவது நடைபாதையைத்தான்.

மாதிரி வாசகம்

‘குடியிருப்பு மண்டலத்தில், கட்டடத்தின் தளப்பரப்பில் பாதியாவது குடியிருப்பாக இருக்கும் நிலையில், தரைத்தளத்தில் இருப்பு அறை உட்பட 20 சதுர மீட்டருக்கு மிகாத ஒரு கடை அல்லது சேவையகம், மூலை மனையிலும் 9 மீட்டர் அகலத்துக்குக் குறையாத தெருவிலும் குடியிருப்பு இல்லாமலும் 50 சதுர மீட்டருக்கு மிகாத ஒன்று, இணைப்பில் மறுக்கப்பட்ட தொழில்கள் நீங்கலாக, பதிவு அறிவிப்பின்பேரில் நடத்தப்படலாம். இதற்கு நில உபயோக மாற்றமோ வாகன நிறுத்துமிடமோ தேவையில்லை.’

20, 50, 9 என்ற எண்களை உங்கள் தெருக் கணக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ‘அறிவிப்பின்பேரில்’ என்ற சொல்லை மாற்றாதீர்கள்; கடைக்காரர் தெரிவித்தாலே போதும், யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டாம் என்பது அதன் பொருள். அதை ‘அனுமதியின்பேரில்’ என்று யாராவது திருத்தினால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

வரைவுக்கு வெளியே நிற்கும் மீட்டர்

மண்டல விதி மாறினாலும் மின்வாரியத்துக்கு அது தெரியாது. வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு ஒயர் இழுத்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்கீழ் உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு போடுவார்கள். தனி வணிக இணைப்பு வாங்குவதே வழி. வீட்டோடு ஒட்டிய மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரின் ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டுக் கட்டணமே என்ற சலுகை தமிழ்நாட்டுக் கட்டண ஆணையில் உண்டு. தையல்காரருக்கு அது கிடையாது. சொத்து வரியில் கடைப் பகுதி மட்டும் வணிக விகிதத்துக்குப் போகும். அளவெடுக்க வருபவர் வீடு முழுவதையும் வணிகம் என்று எழுதிவிடாமல் இருக்க, கடைப் பகுதியைத் தனியாகக் கோடிட்ட தள வரைபடம் ஒன்றைப் பதிவு அறிவிப்போடு இணைத்து, அதன் முத்திரையிட்ட நகலைக் கடையிலேயே மாட்டி வைக்கச் சொல்லுங்கள்.