வேளாண் நிவாரணப் பட்டியல்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளமோ வறட்சியோ சந்தைச் சரிவோ வந்தால் அரசு விவசாயிகளுக்கு அவசர நிவாரணம் அறிவிக்கிறது. அது மக்கள் பணம். யாருக்கு எவ்வளவு போனது என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் நிவாரணம் பெற்றவர்களின் பட்டியல் கைக்கு வந்த பிறகு அதை அவசரமாகப் படித்தால், பாதிக்கப்பட்ட விவசாயியையே திருடன் ஆக்கிவிடுவோம்.

அறிவித்த தொகையை வழங்கிய தொகையாக எடுத்துக்கொள்வது முதல் தவறு. அறிவிப்பு, ஒதுக்கீடு, விடுவிப்பு, வங்கி வரவு என நான்கு கட்டங்கள் இருக்கின்றன. கடைசிக் கட்டத்தின் கணக்கைத்தான் கேட்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, கணக்கிட்ட விதியைப் பார்க்காமல் தொகையை மட்டும் பார்த்து முறைகேடு என்று முடிவு கட்டுவது. சீனாவுடனான வர்த்தகப் போரின்போது அமெரிக்க அரசு 2018-இல் விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுத்தது. சோயாவுக்கு ஒரு புஷலுக்கு (தானியம் அளக்கும் அமெரிக்க அளவு) 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு ஒரே ஒரு சென்ட், அதாவது டாலரில் நூறில் ஒரு பங்கு. மறு ஆண்டு கணக்கிடும் முறையே மாறியது: கவுன்டிக்கு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒரு விகிதம், ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை. ஒரே பயிரை விதைத்த இருவர், கவுன்டி எல்லைக்கு இருபுறமும் இருந்ததாலேயே வேறு வேறு தொகை பெற்றார்கள். இதில் விவசாயி செய்த தப்பு எதுவும் இல்லை. விகிதத்தை வகுத்தவர்களிடம்தான் விளக்கம் கேட்க வேண்டும்.

இந்தியாவிலும் அப்படித்தான். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான 2022–26 விதிமுறைப்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் சேதமானால் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதிகபட்சம் 2 ஹெக்டேர். ஆக, 5 ஹெக்டேர் இழந்தவருக்கும் 2 ஹெக்டேர் இழந்தவருக்கும் அதே 34,000 ரூபாய்தான். வரப்பில் நின்று கண்ணால் மதிப்பிடும்போது 30 சதவீதமா 35 சதவீதமா என்பதை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்தச் சிறு வித்தியாசத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூட வராமல் போகலாம். எனவே சேதக் கணக்கெடுப்புப் பதிவேடு இல்லாத பட்டியல் அரைகுறைப் பட்டியல்தான்.

பட்டியலில் பெயர் உள்ளவர்தான் உழுதவர் என்று நம்புவதும் தவறு. பணம் பெரும்பாலும் நில ஆவணத்தைப் பின்தொடர்கிறது. வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்து கடன்பட்டவர் பெயர் அதில் இருக்காது. பெற்றவர் பட்டியலைக் கேட்கிற நாம் நிராகரிக்கப்பட்டவர் பட்டியலைக் கேட்பதே இல்லை. என் பார்வையில் அதுதான் முக்கியமான பட்டியல். ஒரே முகவரியில் பல பெயர்கள் இருந்தால் அது கூட்டுக் குடும்பமாகவும் இருக்கலாம், நிவாரண உச்சவரம்பைத் தாண்டப் பிரித்த கணக்காகவும் இருக்கலாம். நில ஆவணத்தைச் சரிபார்த்த பிறகே பேச வேண்டும்.

வெளிப்படைத்தன்மை என்றால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று நினைக்கக் கூடாது. வேளாண் மானியம் பெற்ற தனிநபர்களின் பெயர்களை வேறுபாடின்றி வெளியிடும் விதியை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010-இல் செல்லாது என்றது. 2013-இல் வந்த புதிய விதி வெளியீட்டைத் தொடர்ந்தது. மிகச் சிறு தொகை பெறுவோரின் பெயர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், கைபேசி எண் இவை எந்தத் தணிக்கைக்கும் பொதுமக்களுக்குத் தேவையில்லை. அவை தெரியும் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்.

மனு எழுதும்போது “ஏன் நிவாரணம் தரவில்லை?” என்று கேட்காதீர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும். கணக்கெடுப்புப் பதிவேடு, ஒப்பளிப்பு ஆணை (தொகைக்கு ஒப்புதல் தரும் ஆணை), நிராகரிப்புக் காரணம் என ஒவ்வொன்றின் நகலையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அரசு அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று அச்சட்டத்தின் பிரிவு 4 சொல்கிறது. அதையும் மனுவில் குறிப்பிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். தனிநபர் விவரம் என்று மறுத்தால், பிரிவு 10-இன்படி அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டுக் கிராம வாரியாகப் பரப்பையும் தொகையையும் கேட்கலாம்.