வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தாச்சு, பி.ஜி. இல்லை: சீனியர் மேற்பார்வையில் எங்கெல்லாம் வேலை பார்க்கலாம்?

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே பதிவு பெற எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வின் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களில், தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று புறநகரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு நைட் டியூட்டி பேசப் போனேன். பத்து படுக்கை, கீழே மெடிக்கல் ஷாப். மேசையில் கிடந்த கேஸ் ஷீட்டைப் புரட்டினால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே டாக்டரின் சீல், ஆனால் எழுத்து மட்டும் ஆளுக்கொரு மாதிரி. "ரெஜிஸ்ட்ரேஷன் பத்தி கவலைப்படாதீங்க டாக்டர், சீல் சாரோடது இருக்கு, நீங்க எழுதினா போதும்" என்றார் மேனேஜர். படிப்புக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் அப்பா கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதே மாதிரி அழைப்பு இப்போதும் ஜூனியர்களுக்கு வருகிறது, போகலாமா அண்ணா என்று கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பி.ஜி. சீட் கிடைக்காதவருக்கு வழியே இல்லை என்பது சரியில்லை, வழிகள் இருக்கின்றன. ஆனால் எந்த வழியில் போனாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான் பார்க்கும் நோயாளிக்குப் பொறுப்பேற்கிற சீனியர் யார், அது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? பெயரும் சொல்ல மாட்டார்கள், தாளும் தர மாட்டார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34 என்ன சொல்கிறது என்றால், பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது சீலுக்குச் சொந்தக்காரர் மட்டுமில்லை, ஊசி போட்ட கையும்தான்.

தேர்வு தேறும் முன்பு என்ன செய்யலாம்? அப்சர்வர்ஷிப் மட்டும்தான். பெரிய மருத்துவமனைகளில் ஒரு துறையில் ஒரு கன்சல்டன்டின் பின்னால் நின்று ரவுண்ட்ஸ் பார்க்கலாம், கேஸ் டிஸ்கஷனில் உட்காரலாம், ஓ.பி.யில் ஓரமாக நின்று கவனிக்கலாம். நோயாளியைத் தொடக்கூடாது, ஆர்டர் எழுதக்கூடாது. சேரும்போதே துறை, கன்சல்டன்ட் பெயர், தேதிகள், பார்வையாளர் மட்டும் என்ற குறிப்பு எல்லாம் உள்ள கடிதம் வாங்கிவிடுங்கள், கட்டணம் கேட்டால் ரசீதும் வாங்குங்கள். கிளினிக்கல் டிரையல் நடக்கும் மருத்துவமனைகளில் ஸ்டடி கோஆர்டினேட்டர் வேலையும் இருக்கிறது, ஆய்வை நடத்தும் டாக்டரின் கீழ் ஒப்புதல் படிவம், ஃபாலோ அப், பதிவேடு பார்க்கும் வேலை. சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை (நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடாக மாற்றுவது) ஏராளம், வட்டி கட்ட உதவும், தப்பே இல்லை. ஆனால் அது கிளினிக்கல் அனுபவமாகக் கணக்கில் வராது என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள், ஏனென்றால் மூன்று வருடம் அதிலேயே ஓடிவிட்டால் புத்தகத்தை மறுபடி எடுப்பது ரொம்பக் கஷ்டம். எஃப்.எம்.ஜி.இ. 300 கேள்வி, 150 வாங்கினால் பாஸ், வருடத்துக்கு இரண்டு முறை. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் 2024 ஜூன் பருவத் தேர்வை எழுதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் தேறினார்கள். வேலையை இந்தப் படிப்பைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

தேறியதும் வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கட்டம், இன்டர்ன்ஷிப். இங்கே எல்லோரும் சி.ஆர்.ஆர்.ஐ. என்பார்கள், ஆணையத்தின் விதிகளில் சி.ஆர்.எம்.ஐ. என்றிருக்கும், இரண்டும் ஒன்றுதான். தற்காலிகப் பதிவுக்கு அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், மருத்துவக் கல்வி இயக்ககம் கீழ்ப்பாக்கத்தில். இரண்டுமே பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான், அந்தச் சாலை உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். போகும் முன் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று படித்த நாட்டு அரசு தரும் சான்று) அல்லது தூதரக அட்டஸ்டேஷன், நீட் மதிப்பெண், எஃப்.எம்.ஜி.இ. சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மூன்று செட் நகல். முக்கியமாகப் பாஸ்போர்ட். காலாவதியான பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நீங்கள் உண்மையிலேயே அந்த நாட்டில் இருந்து படித்தீர்களா என்பதை இமிக்ரேஷன் முத்திரைகளை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை பாதி அழிந்திருந்தது, அந்தப் பயணத்தின் போர்டிங் பாஸை அம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்ததால் பிழைத்தேன். கோவிட், போர்க் காலத்தில் ஆன்லைனில் படித்தவர்களுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு, 2022 ஜூலை அறிவிப்பின்படி அப்படிப் படிப்பை முடித்த இறுதியாண்டு மாணவர்களுக்கு இரண்டு வருட இன்டர்ன்ஷிப். உங்கள் பேட்ச் எந்த அறிவிப்பில் வருகிறது என்பதை அறிவிப்பையே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், வாட்ஸ்ஆப் குரூப்பில் வருவதை நம்பி அலையாதீர்கள்.

2021 நவம்பர் விதிகள் பொருந்துகிறவர்கள் படித்த நாட்டில் 12 மாதம், இங்கே வந்து இன்னொரு 12 மாதம் என்று இரண்டு இன்டர்ன்ஷிப்பும் முடிக்க வேண்டும். நிறையப் பேர் இரண்டாவதை வீண் என்று நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரெசிடென்சி, அதாவது பி.ஜி. பயிற்சி இடம், கிடைக்காத ஒருவருக்கு, பெயர் சொல்லக்கூடிய சீனியர்கள் சுற்றிலும் நிற்க, நோயாளியைத் தொட்டு வேலை கற்கிற வாய்ப்பு இந்த ஒரு வருடத்தைப் போல வேறெங்கும் இவ்வளவு முழுசாகக் கிடைக்காது. அரசு மருத்துவமனை லேபர் வார்டில் ஓரிரவு நின்றால் போதும், வெளிநாட்டில் மொழி புரியாமல் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததெல்லாம் கைக்கு வந்துவிடும். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குக் கல்லூரியின் மொத்த இடங்களில் 7.5% வரை கூடுதல் இடம் என்றும், இங்கே படித்தவர்களுக்குத் தரும் அதே ஸ்டைபண்ட் (பயிற்சிக் கால உதவித்தொகை) தர வேண்டும் என்றும் 2022 மார்ச்சிலேயே ஆணையம் சொல்லியிருக்கிறது. ஸ்டைபண்டைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உழைப்புக்கான காசு. லாக்புக்கில் அந்தந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள், போஸ்டிங் முடிந்து மூன்று மாதம் கழித்துப் போனால் அந்த அசிஸ்டன்ட் புரொபசர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போயிருப்பார்.

நிரந்தரப் பதிவு கையில் வந்தாச்சு, இனி டியூட்டி டாக்டர் வேலைக்குத் தைரியமாகப் போகலாம். சட்டப்படி நீங்கள் தனியாகவே பிராக்டிஸ் செய்யலாம்தான், இருந்தாலும் முதல் இரண்டு வருடம் ஐ.சி.யு.விலோ கேஷுவல்டியிலோ கன்சல்டன்டின் கீழ் இருங்கள் என்றுதான் சொல்வேன். இன்டர்வியூவில் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: இரவில் எத்தனை படுக்கைக்கு நான் ஒருத்தன், கூப்பிட்டால் கன்சல்டன்ட் எத்தனை நிமிடத்தில் வருவார், அனஸ்தீசியா டாக்டர் உள்ளேயே இருப்பாரா, டெத் சர்டிபிகேட்டில் யார் கையெழுத்துப் போடுவார்கள், சிகிச்சை தொடர்பான வழக்கு வந்தால் உதவும் இன்டெம்னிட்டி இன்சூரன்ஸை மருத்துவமனை எடுக்குமா நான் எடுக்க வேண்டுமா. பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குச் சம்பளம் கூட இருந்தாலும் போக வேண்டாம்.

மேற்பார்வை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் இரவைச் சொல்கிறேன். மணி 2.10. டயாலிசிஸைத் தவறவிட்ட ஒரு பெரியவர், ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவு, 6.8, ஈ.சி.ஜி.யில் டி அலைகள் கூர்கூராக நிற்கின்றன. கன்சல்டன்டுக்குப் போன் போட்டேன், ஈ.சி.ஜி.யைப் படம் எடுத்து அனுப்பினேன். "கால்சியம் குளுக்கோனேட் இப்பவே போடு, இன்சுலின் டெக்ஸ்ட்ரோஸ் ஆரம்பி, டயாலிசிஸ் டெக்னீஷியனைக் கூப்பிடு, நான் கிளம்பிட்டேன்" என்றார். சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன், மருந்து ஏறத் தொடங்கியதும் கேஸ் ஷீட்டில் நேரம், அவர் பெயர், அவர் சொன்ன ஆர்டர், நான் கொடுத்த நேரம் எல்லாம் எழுதினேன். அவர் வந்ததும் முதல் வேலையாக அதன் கீழே கையெழுத்துப் போட்டார். இப்படிக் கையெழுத்துப் போடுகிற சீனியர் கிடைத்தால் சம்பளம் ஐயாயிரம் குறைந்தாலும் அங்கேயே இருங்கள்.

அரசு வேலை வேண்டுமென்றால் எம்.ஆர்.பி. (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் உதவி மருத்துவர் தேர்வு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மேலே வட்டார மருத்துவ அலுவலர் இருப்பார். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேலூர் சி.எம்.சி.யின் தொலைநிலைக் குடும்ப மருத்துவ டிப்ளமோ நல்ல தேர்வு, நேரடி வகுப்புகளும் உண்டு. அதை எம்.டி.க்குச் சமமாக மட்டும் நினைக்க வேண்டாம்.

இனி வெளிநாடு. ரெசிடென்சி மாதிரி பயிற்சிப் பதவி இல்லாமலே மேற்பார்வையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் வழக்கம் ரொம்ப நாளாக இருப்பது பிரிட்டனில். டிரஸ்ட் கிரேடு, கிளினிக்கல் ஃபெல்லோ என்று பெயர் இருக்கும். முதலில் ஆங்கிலத் தேர்வு: ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7, அல்லது ஓ.இ.டி.யில் நான்கு பிரிவிலும் பி கிரேடு. பிறகு வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் தேர்வு, இரண்டு கட்டம். பிளாப் 1, மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி, சென்னையிலேயே எழுதலாம். பிளாப் 2 மான்செஸ்டரில் மட்டும். பதிவு கிடைத்ததும் முதல் வேலை ஜி.எம்.சி. (பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில்) அங்கீகரித்த இடத்தில்தான் இருக்க வேண்டும், அதாவது மேற்பார்வையும் மதிப்பீடும் முறையாக நடக்கிற இடம். இதையும் சொல்லியாக வேண்டும்: இப்போது அங்கே போட்டி மிகக் கடுமை, இரண்டு தேர்வும் தேறிவிட்டு மாதக்கணக்கில் விண்ணப்பித்துக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. வீட்டை அடமானம் வைத்துப் பிளாப் எழுதாதீர்கள், இங்கே வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஏ.எம்.சி.யின் (ஆஸ்திரேலிய மருத்துவக் கவுன்சில்) 150 கேள்வித் தேர்வு தேறி, வேலையும் கிடைத்தால் வரையறுக்கப்பட்ட பதிவு தருவார்கள். மேற்பார்வையை அவர்கள் நான்கு நிலையாகப் பிரித்து வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் நிலையில் ஒவ்வொரு நோயாளிக்கும் முதன்மைப் பொறுப்பு சீனியருக்கு, நீங்கள் அனுபவம் காட்டக் காட்டப் பொறுப்பு உங்கள் பக்கம் நகரும். யார் பொறுப்பு என்பது வேலை தொடங்கும் முன்பே தாளில் இருக்கிறது பாருங்கள்.

அமெரிக்காவைப் பற்றித்தான் தவறான தகவல் அதிகம். ரெசிடென்சி கிடைக்காதவர்களுக்கு அசிஸ்டன்ட் பிசிஷியன் உரிமம் என்று 2014இல் முதலில் சட்டம் போட்டது மிசூரி மாநிலம். டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் ஆரம்ப சிகிச்சை மட்டும், ஒரு மருத்துவருடன் எழுத்தில் ஒப்பந்தம், 14 நாளுக்கு ஒரு முறை நீங்கள் பார்த்ததில் குறைந்தது 10 சதவீதத்தை அவர் சரிபார்க்க வேண்டும். ஆனால் குடியுரிமையோ சட்டப்படியான வசிப்புரிமையோ இருக்க வேண்டும், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் படிகள் தேறியிருக்க வேண்டும், அதற்கும் காலக்கெடு உண்டு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதற்கு விண்ணப்பிக்க முடியாது. இதை வாங்கித் தருகிறேன் என்று எந்தக் கன்சல்டன்சி பணம் கேட்டாலும் நம்பாதீர்கள். கிரீன் கார்டோடு அங்கே போகிறவர்கள், கல்யாணமாகிப் போகிறவர்களும்தான், இதை விசாரிக்கலாம். அங்கே விசிட்டர் விசாவில் போய்ச் செய்யும் அப்சர்வர்ஷிப்பிலும் நோயாளியைத் தொடக்கூடாது.

எங்கே போவதானாலும் இப்போதே ஒரு ஃபைல் போடுங்கள். ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த தேதி, விட்ட தேதி, துறை, மேற்பார்த்த டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் உள்ள அனுபவச் சான்றிதழை, வேலையை விடும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். உங்கள் பதிவில் குறையில்லை என்று அரும்பாக்கம் கவுன்சிலில் வாங்கும் குட் ஸ்டேண்டிங் சான்றிதழை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள், பிரிட்டனில் மூன்று மாதத்துக்கு மேல் பழையது செல்லாது, விண்ணப்பத்தின் மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போய் வாங்குங்கள்.