கீழக்கரைக்கு இரண்டு நாள்: தாயகம் வருவோருக்கு

மதுரையில் விமானம் இறங்கி நேரே இராமேசுவரம் போய், மறுநாளே திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். இராமநாதபுரத்தில் தெற்கே திரும்பினால் சுமார் 17 கி.மீ.யில் கீழக்கரை. இந்தச் சின்ன நகராட்சிக்கும் சுற்றுப்புறத்துக்கும் இரண்டு முழு நாள் கட்டாயம் தேவை. சொந்தக்காரர் வீடு இல்லாதவர்கள் இராமநாதபுரத்தில் அறை எடுப்பது வசதி. பாஸ்போர்ட்டோடு விசா அல்லது ஓசிஐ அட்டையின் நகலும் கையில் இருக்கட்டும், விடுதியில் கேட்பார்கள்.

காற்றைப் பார்த்துத் தேதி போடுங்கள். கீழக்கரை இருப்பது மன்னார் வளைகுடாக் கரையில். மீனவர் பேச்சில் ஆண்கடல். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் பாக் வளைகுடா, அது பெண்கடல். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்றில் ஆண்கடல் பொங்கும், அடிமணல் கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும். ஐப்பசிக்குப் பிறகு வாடை அடித்தால் பெண்கடலின் முறை. ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வருகிறவர்கள் தெற்கே படகுச் சவாரியை நம்பி வராதீர்கள். அப்போது தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டின் அலையாத்திக் காட்டுக்குப் போங்கள். வனத்துறை ஏற்பாட்டில் அங்கே படகு உண்டு. தை, மாசியில் வர முடிந்தால் ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன்வலசையில் வனத்துறையின் கண்ணாடிப் படகில் ஏறலாம். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், அடியில் ஒன்றும் தெரியாது.

கீழக்கரைக்கு எதிரே கடலில் தெரியும் தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. பூங்காவின் 21 தீவுகளில் 7 கீழக்கரைக் குழு. தனியார் படகுக்காரர் யாராவது "இறக்கி விடுகிறேன்" என்றால் மறுத்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் கால் வைப்பது குற்றம், பவளத்துக்கும் கேடு.

ஊருக்குள் முதலில் பார்க்க வேண்டியது பள்ளிவாசல்கள். கடற்கரையோரப் பழைய ஜும்மா பள்ளியை ஊர் மரபு 7ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறது. பெரிய ஜும்மா பள்ளி 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி கட்டியது. அவர் அடக்கமும் அங்கேதான். உள்ளே நின்று தூணைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். கல்தூண், அதன்மேல் போதிகை என்ற தாங்குகல், போதிகைமேல் உத்தரம், பிறகு கல் கூரை. கோயில் மண்டபம் எழுப்பிய அதே தச்சு முறை. உருவம் வர வேண்டிய இடத்தில் பூவும் கொடியும் வந்திருக்கும், அவ்வளவுதான். இந்தக் கரையில் இதைவிட அழகான கல்வேலை கொஞ்சம்தான். தொழுகை நேரத்தையும் வெள்ளி நண்பகலையும் தவிர்த்து, முழங்கால் மறைய உடுத்திப் போங்கள். பெண்கள் எதுவரை வரலாம், படம் எடுக்கலாமா என்பதை வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

மறுநாள் காலை திருப்புல்லாணி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இராமர் தர்ப்பைப் புல்லணையில் சயனித்த கோலம். நண்பகலில் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள், ஆகவே முதலில் கோயில், பிறகு சேதுக்கரைக் கடல். ஆடி, தை அமாவாசைகளில் அங்கே கூட்டம் நெரியும். உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில் இருப்பார். காப்பு களைந்து பார்க்க மார்கழித் திருவாதிரையை ஒட்டி வந்தால்தான் உண்டு. பறவை பார்ப்பவர்கள் மேலச்செல்வனூர் கண்மாய்க்குப் போகலாம், ஆனால் மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் வறண்டு கிடக்கும். அங்கே உள்ளவர்களிடம் தண்ணீர் நிலவரம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், விலையும் ஏறும்.

வாங்கிப் போக கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பு இருக்கிறது. தேங்காய்ப்பால் சேர்ந்தது, எண்ணெய் கசியும். இரண்டு உறை போட்டுப் பெரிய பெட்டியில் வையுங்கள். பவளத் துண்டும் கடல் அட்டையும் எவ்வளவு சிறியதானாலும் தொடாதீர்கள்; இரண்டும் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. ஐவிரல் சங்கில் பல வகைகளும் அப்படியே. கடையில் விற்றார்கள் என்ற பதில் விமான நிலையத்தில் செல்லாது. டிரோன், சாட்டிலைட் போன் இரண்டையும் வீட்டிலேயே விட்டு வாருங்கள். டிரோன் இறக்குமதிக்கு 2022 முதல் தடை. அனுமதியில்லாத சாட்டிலைட் போனை இங்கே வைத்திருப்பதே வழக்காகும்.