கினோவா ரகம் தேர்வு: உவர் நிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உவர் மண்ணுக்கு கினோவா (தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதித் தானியப் பயிர்) ஏற்றது என்று கேள்விப்பட்டதும், கிடைத்த விதையை வாங்கி விதைத்துவிடுவதுதான் முதல் தவறு. கேள்விப்பட்டது பொய்யில்லை. கரைசலின் மின்கடத்துதிறன் (உப்பு கூடக் கூட இதுவும் கூடும்) மீட்டருக்கு 40 டெசிசைமன்ஸ், அதாவது கிட்டத்தட்ட கடல்நீர் அளவுக்குப் போனாலும் சாகாமல் நின்று மணி பிடித்த ரகங்கள் உண்டு. மண்ணின் உப்பு 3 டெசிசைமன்ஸைத் தாண்டினால் நெல்லும், 6-ஐத் தாண்டினால் கோதுமையும் விளைச்சலில் இறங்கத் தொடங்கிவிடும். ஆனால் அந்த 40 சில ரகங்களின் சாதனை. எல்லா கினோவாவுக்கும் அதை எழுதி வைக்க முடியாது.

சரி, உப்பிலேயே பிறந்து வளர்ந்த ரகத்தை எடுத்தால் போயிற்று என்று தோன்றும். தெற்கு பொலிவியாவில் உயுனி உப்புப் பரப்பைச் சுற்றி விளையும் 'சலாரெஸ்' வகை அப்படிப்பட்டதுதான். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அது கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேலே, குளிரிலும் குறுகிய பகலிலும் பழகிய செடி. நீண்ட கோடைப் பகல் உள்ள இடத்தில் விதைத்தால் இலையும் தண்டுமாக உயர்ந்துகொண்டே போகும், மணி முற்றாது. பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தமும் கெடும். சிலியின் கடலோர ரகங்களுக்குப் பகல் நீளம் அவ்வளவு பெரிய தடையில்லை. ஆனால் அவற்றுக்குள்ளும் உப்பைத் தாங்குவதில் ஏற்றத்தாழ்வு உண்டு: மழை அதிகமான தென்பகுதியிலிருந்து வந்தவை பொதுவாகச் சீக்கிரம் தளர்கின்றன. பெயரை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். 'டிட்டிகாக்கா' என்ற ரகத்துக்கு ஆண்டிஸ் மலை ஏரியின் பெயர், உருவாக்கியதோ டென்மார்க்கில்!

அடுத்தது சதவீதக் கணக்கு. ஒரு ரகம் நல்ல மண்ணில் எக்டருக்கு 4 டன் கொடுத்து, உப்பில் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று ஒன்றரை டன் கொடுத்து, உப்பில் 20 சதவீதம் மட்டுமே இழக்கிறது. அட்டவணையில் இரண்டாவதுதான் 'தாங்கும் ரகம்' என்று மின்னும். களத்துக்கு வருவதோ முதலாவதில் 2 டன், இரண்டாவதில் 1.2 டன். என்னைக் கேட்டால், இழப்புச் சதவீதத்தை மட்டும் காட்டி மூட்டைக் கணக்கைச் சொல்லாத பரிந்துரையை நம்ப வேண்டியதில்லை.

எல்லா உப்பும் ஒன்றல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மின்கடத்துதிறனில் சோடியம் சல்பேட்டைவிட சோடியம் குளோரைடுதான் (சமையல் உப்பு) கினோவாவை அதிகம் பாதித்தது. ஆகவே உங்கள் மண்ணில் எந்த உப்பு மிகுதி என்று தெரியாமல் வேறொருவர் வயலின் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். அளந்த விதத்தையும் பாருங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் விட்டுக் கலக்கி எடுத்த அளவு, மண் குழையும் அளவுக்கு மட்டும் நீர் விட்ட மண்கூழிலிருந்து வடித்த நீரின் அளவைவிட மிகக் குறைவாகத்தான் காட்டும். ஆய்வகத்தார் மில்லிமோலார் என்ற கரைசல் செறிவு அலகில் சொல்லும் 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு என்பது ஏறத்தாழ 10 டெசிசைமன்ஸ்.

ஆய்வகத் தட்டில் நன்றாக முளைத்த ரகம் வயலிலும் தேறும் என்பதும் நிச்சயமில்லை. முளைக்கும்போது தாங்குவது வேறு, பூத்து மணி பிடிக்கும்போது தாங்குவது வேறு. அப்புறம் அந்த இலை மேல் மாவு போலத் தெரியும் பொடி. அவை உப்பைச் சேர்த்து வைக்கும் பைகள் என்றும், பொடி அதிகமுள்ள ரகமே உப்பைத் தாங்கும் என்றும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பைகளே இல்லாத, மரபணு மாறிய செடிகளும் பின்னர் வந்த சோதனைகளில் மற்றவற்றைப் போலவே உப்பைத் தாங்கின. பூச்சிகளைத் தடுக்கத்தான் அவை அதிகம் உதவுவதாகத் தெரிகிறது.

உவர் மண் பல இடங்களில் வடியாத மண்ணாகவும் இருக்கும். வேரில் நீர் தேங்கினால் எந்த ரகமானாலும் கினோவா வாடும். எனவே ரகங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பாத்தியில் முதலில் வடிகாலை வெட்டுங்கள், இல்லையென்றால் செடி செத்தது உப்பாலா நீராலா என்றே தெரியாது.