ஒரே மண், நாலு தொட்டி: வேர்முடிச்சுக்குள் யார் குடியிருக்கிறார்கள்?

"பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் ரைசோபியம் என்னும் பாக்டீரியா இருக்கிறது, அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது." பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த வரி இது. வரியில் பிழையில்லை, ஆனால் ஒரே பெயரோடு நின்றுவிடுகிறது. காராமணி சேர்த்துக்கொள்ளும் பாக்டீரியா வேறு, கொண்டைக்கடலை கேட்பது வேறு. தொட்டாற்சிணுங்கியின் வேரில் இருப்பதோ பெரும்பாலும் வேறு குலம். இந்த வேறுபாட்டில் ஒரு பங்கைச் சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்திலேயே பார்த்துவிடலாம். நாலு தொட்டியும் ஆறு வாரப் பொறுமையும் போதும்.

படி 1: விதை

தேக்கா (லிட்டில் இந்தியா) மளிகைக் கடைகளில் காராமணி, கறுப்புக் கொண்டைக்கடலை, தோலோடு இருக்கும் பச்சை நிலக்கடலை மூன்றும் கிடைக்கும். முழுதாக இருக்க வேண்டும். உடைத்ததும் வறுத்ததும் முளைக்காது. ஒரு பங்கு குளோராக்ஸில் (வெளுப்புத் திரவம்) நாலு பங்கு தண்ணீர் கலந்து, விதைகளை 3 நிமிடம் போட்டெடுத்து, நல்ல தண்ணீரில் ஐந்தாறு முறை அலசுங்கள். விதைத்தோலில் ஒட்டி வந்த பாக்டீரியா போய்விட்டால், பிறகு வேரில் காண்பதெல்லாம் மண் தந்தது என்று நம்பலாம்.

படி 2: மண் (இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்)

முதல் முறை நானும் தவறினேன். கடையில் வாங்கிய தொட்டிக் கலவையில் காராமணி போட்டேன். செடி கருகருவென்று வளர்ந்தது, வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. தென்னைநார்க் கலவையில் இந்தப் பாக்டீரியாக்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் உரமும் சேர்த்திருப்பார்கள். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்கக் குறைந்தது 16 ஏடிபி (உயிரணுவின் ஆற்றல் நாணயம் போன்ற மூலக்கூறு) செலவாகும். மண்ணிலேயே தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைக்கும்போது செடி அந்தச் செலவுக்கு இறங்குவதில்லை, முடிச்சு உருவாவதையே அடக்கிவிடுகிறது.

அதனால் அக்கம்பக்கத்துச் சமூகத் தோட்டத்துக்குப் போங்கள். "அக்கா, பயத்தங்காய் போட்ட பாத்தியில ரெண்டு கிண்ணம் மண் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் மறுப்பவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. பூங்காவிலும் சாலையோரத்திலும் அனுமதியில்லாமல் தோண்டக் கூடாது.

அந்த மண்ணோடு சம அளவு ஆற்றுமணல் கலந்து நாலாகப் பிரியுங்கள். மூன்று பங்கு அப்படியே மூன்று தொட்டிக்கு. நாலாவது பங்கைப் பாத்திரத்தில் மூடி, பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வேகவையுங்கள். ரைசோபிய வகைகள் சூட்டைத் தாங்கும் வித்து (ஸ்போர்) உண்டாக்காதவை, இந்தச் சூட்டில் பிழைக்காது. 1886ல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஆய்வாளர்கள் பட்டாணியை வைத்து முடிச்சின் வேலையைக் கண்டறிந்த வழியும் ஏறக்குறைய இதுதான்: சூடேற்றிக் கிருமிநீக்கிய மணலில் முடிச்சு வரவில்லை, கொஞ்சம் மண்கரைசல் ஊற்றியதும் வந்தது.

ஆறிய பிறகு, வெந்த மண்ணில் காராமணி. மற்ற மூன்றில் காராமணி, நிலக்கடலை, கொண்டைக்கடலை.

படி 3: பராமரிப்பு

வெயில் படும் இடம், அளவான தண்ணீர். உரம் வேண்டாம். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், டெங்கி கொசுவுக்கு அது போதும். தாழ்வாரத்தில் நடக்க வழி இருக்கட்டும்.

படி 4: வேரை எடுத்தல்

ஐந்தாறு வாரத்தில் காராமணி மொட்டு விடும் சமயம் சரியான நேரம். செடியைப் பிடுங்காதீர்கள், முடிச்சுகள் மண்ணோடு போய்விடும். தொட்டியோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மண் தானாகக் கரையும்வரை விடுங்கள்.

காராமணி வேரில் மிளகு போன்ற உருண்டைகள் இருக்கும். நிலக்கடலையில் உற்றுப் பாருங்கள்: முடிச்சுகள் பக்கவேர் கிளைக்கும் மூலைகளில்தான் உட்கார்ந்திருக்கும். காராமணியில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக நுழைகிறது. நிலக்கடலையிலோ பக்கவேர் வெடித்து வெளிவரும் இடுக்குதான் அதற்கு வாசல். இதை முதன்முதலாகக் கண்ட அன்று நான் வெகுநேரம் வேரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு எச்சரிக்கை. நூற்புழு தாக்கினாலும் வேர் வீங்கும். அது வேரே பருத்த வீக்கம், நகத்தால் தட்டினால் உதிராது. உண்மையான முடிச்சு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தட்டினால் கழன்றுவிடும்.

முடிச்சைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அந்த நிறம் லெகிமோகுளோபின், நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் உறவு. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும், பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவே அளந்து கொடுப்பது இந்தப் பொருள்தான். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிச்சுக்கு வயதாகிவிட்டது.

படி 5: வெறும் வேர் சொல்வது

வெந்த மண்ணில் முடிச்சு இருக்காது. கொண்டைக்கடலைத் தொட்டி? என்னுடையதில் ஒன்றுகூட இல்லை. மண் அதேதான், பக்கத்துத் தொட்டியில் காராமணிக்கு இருபதுக்கு மேல் முடிச்சு.

வேர் ஃபிளேவனாய்டு என்னும் பொருள்களைக் கசியவிடுகிறது. அதை உணரும் பாக்டீரியா தன் பங்குக்கு ஒரு வேதிச் சைகை அனுப்புகிறது. இரண்டும் பொருந்தினால்தான் கதவு திறக்கும். காராமணியும் நிலக்கடலையும் பிராடிரைசோபியம் என்னும் பேரினத்தின் பல வகைகளை ஏற்றுக்கொள்ளும். கொண்டைக்கடலை மீசோரைசோபியம் பேரினத்தின் சில வகைகளை மட்டுமே எதிர்பார்க்கும், அவை இல்லாத மண்ணில் வெறும் வேரோடு நிற்கும்.

தொட்டியில் களையாகத் தொட்டாற்சிணுங்கி முளைத்தால் பிடுங்கி எறியாதீர்கள், அதன் வேரையும் இப்படியே கழுவிப் பாருங்கள். முடிச்சு நீண்டு, சில சமயம் கிளைத்திருக்கும். 2001 வரை முடிச்சிடும் பாக்டீரியா எல்லாமே ஆல்பா என்னும் ஒரே பெரிய பாக்டீரியா வகுப்பைச் சேர்ந்தவை என்றே நினைத்திருந்தார்கள். அந்த ஆண்டில்தான் பீட்டா வகுப்பு பாக்டீரியாவும் முடிச்சிடும் என்று தெரியவந்தது. தைவானில் தொட்டாற்சிணுங்கி முடிச்சிலிருந்து எடுத்த கப்ரியாவிடஸ் தைவானென்சிஸ் அவற்றுள் ஒன்று.

இவ்வளவு தூரத்து உறவினர்கள் ஒரே தொழிலைக் கற்றது எப்படி? முடிச்சிடும் மரபணுக்கள் கைமாறுகின்றன. நியூசிலாந்தில், ரைசோபியம் கலந்து விதைத்த தாவரங்கள் நின்ற ஒரு நிலத்தை ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு சோதித்தபோது, அந்த மண்ணின் பழைய பாக்டீரியாக்களுக்கும் அந்த மரபணுத் தொகுதி போய்ச் சேர்ந்திருந்தது. 1995ல் வெளியான முடிவு இது.

படி 6: பள்ளி ஆய்வகம் கிடைத்தால்

இதை வீட்டில் செய்ய வேண்டாம். ஆசிரியர் முன்னிலையில், முடிச்சை எத்தனாலில் அரை நிமிடமும் குளோராக்ஸ் கரைசலில் 3 நிமிடமும் வைத்து, கிருமிநீக்கிய நீரில் பலமுறை கழுவி, நசுக்கி, ஈஸ்ட் சாறும் மானிட்டாலும் கலந்த அகார் தட்டில் இழுத்து, 28 டிகிரியில் வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் பாக்டீரியாத் திரள் தெரிந்தால் ரைசோபியம் போன்ற வேகக்காரர்களாக இருக்கலாம். ஒரு வாரத்துக்கு மேலானால் பிராடிரைசோபியமாக இருக்கலாம். "பிராடி" என்றால் கிரேக்கத்தில் மெதுவானது. அகாரில் புரோமோதைமால் புளூ (அமிலத்துக்கும் காரத்துக்கும் நிறம் மாறும் சாயம்) சேர்த்திருந்தால் வேகக்காரர்கள் பெரும்பாலும் தட்டை மஞ்சளாக்குவார்கள், மெதுவானவர்கள் நீலமாக்குவார்கள்.

ஒரே செடியின் பத்து முடிச்சை எடுத்தால் பத்தையும் தனித்தனித் தட்டில் இழுங்கள். பக்கத்துப் பக்கத்து முடிச்சிலேயே வெவ்வேறு வகை இருப்பதுண்டு. சேர்த்து நசுக்கினால் வேகமாக வளர்பவை தட்டை நிரப்பிவிடும், மெதுவானவை கண்ணுக்கே தெரியாமல் போகும்.